மனித உரிமைக் கல்வி: பட்டமா, தொழிலா?

இளங்கலை முடித்தவரிடம், "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பார்கள். முதுகலை பயில்பவரிடமோ, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். வரலாறு முதுகலை இரண்டாம் ஆண்டில் பயிலும் என்னிடம் இந்த இரண்டாம் வினாவே அடிக்கடி கேட்கப்படுகிறது. மனித உரிமைகள் பற்றி மேற்கொண்டு படிக்க விரும்புகிறேன் என்று சொன்னால், கேட்டவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அது சரி, சம்பளம் யார் தருவார்கள்?" என்பார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அந்த வினாவை ஏளனமாகக் கருத என்னால் இயலாது. அதற்கு நேர்மையான விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

உரிமை என்பது யாது?

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் முதற்பிரிவை வரைந்தபோது "ஆண்கள் அனைவரும்" என்று பொருள்படும்படி இருந்த சொல்லை "மனிதர் அனைவரும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையார். ஒரு சொல்லுக்காக அவர் அன்று வாதாடினார். உலகின் பாதி மக்கள் அந்த ஒரு சொல்லால் உள்ளே வந்தனர். மனித உரிமைத் துறையில் சொல்லின் எடை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் 1966-இல் இரு பன்னாட்டு உடன்படிக்கைகள் உருவாயின. இந்தியா அவற்றில் 1979-இல் சேர்ந்தது. 1993-இல் நம் நாடாளுமன்றம் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உயிர், சுதந்திரம், சமத்துவம், தனிமனித மாண்பு ஆகியவை தொடர்பாக அரசியலமைப்பு உறுதியளித்தவையும், பன்னாட்டு உடன்படிக்கைகளில் அடங்கியவையுமான, இந்திய நீதிமன்றங்களால் செயற்படுத்தத்தக்க உரிமைகளே மனித உரிமைகள் என்பது அச்சட்டம் தரும் பொருள். "செயற்படுத்தத்தக்க" என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். மேடையில் முழங்கப்படும் உரிமைக்கும், மன்றத்தில் நிலைநாட்டப்படும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

மதுரை மண்ணே பாடநூல்

மனித உரிமை என்றதும் ஜெனீவாவும் நியூயார்க்கும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் நம் மதுரைச் சீமையே இப்பாடத்திற்கு ஒரு பெருநூலாகும்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பெயர் பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டனர். பிறந்த சாதியைக் கொண்டே ஒருவனைக் குற்றவாளி எனப் பதிவு செய்த அச்சட்டத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "ரேகைச் சட்டம்" என்றே குறிப்பிடுவர். சென்னை மாகாணத்தில் அது 1947-இல்தான் நீங்கியது.

1939 ஜூலை 8 அன்று மதுரை அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அவர் தொழிலால் வழக்கறிஞர் என்பது நம் பொருளுக்கு வேண்டிய செய்தி. மன உறுதி மட்டுமன்றிச் சட்ட அறிவும் அவருக்குத் துணையாக நின்றது.

குடியரசு மலர்ந்து அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில் நடந்தது மேலவளவுக் கொடுமை. மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் சேர்த்து மாண்டவர் அறுவர். வழக்கு சேலத்திற்கு மாற்றப்பட்டு, 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதனை 2009-இல் உறுதி செய்தது. அதே காலத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஒதுக்கீட்டுத் தலைவர் ஒருவர் முறையாகப் பணியாற்றப் பத்து ஆண்டுகள் ஆயின. மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில், 2006 அக்டோபரில்தான் அங்குத் தேர்தல் செம்மையாக நடந்தேறியது. உத்தப்புரத்தில் இரு சாதியினரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில் இடிக்கப்பட்டது.

இவற்றை நான் அடுக்குவது எந்த ஊரையும் பழிப்பதற்காக அன்று. மேலவளவு வழக்கு கொலை நாள் முதல் இறுதித் தீர்ப்புவரை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. அத்தனை ஆண்டுகளும் சாட்சிகளுக்குத் துணை நிற்கவும், படிகளைப் பாதுகாக்கவும், வேற்றூர் நீதிமன்றத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லவும் யாரேனும் இருந்தாக வேண்டும் அல்லவா? அந்த "யாரேனும்" என்பவருக்கு ஒரு பயிற்சி வேண்டும். அதுவே மனித உரிமைக் கல்வி.

ஆவணமே ஆயுதம்

நம் மாவட்டத்திற்கு அப்பாலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவேன். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்களைத் தாக்கினர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே முதலில் கூறப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் மண்டல இயக்குநராக இருந்த பாமதி அவர்கள் நேரில் சென்று விசாரித்து அளித்த அறிக்கை நிலைமையை மாற்றியது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஆத்திரம் மட்டும் இருந்து, எழுதிய தாள் இல்லாதிருந்தால் இத்தீர்ப்பு வந்திருக்குமா?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குச் சென்று பாருங்கள். வாயிலில் அமர்ந்து மனு எழுதித் தருவோர், "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கி "காப்பாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பர். இடையில் துன்பம் இருக்கும், நாள் இருக்காது. கண்ணீர் இருக்கும், சட்டப்பிரிவு இருக்காது.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியேற முடியாமல் கிடக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றவர் முதலில் நான்கு வினாக்களைக் கேட்பார். முன்பணம் எவ்வளவு, எந்த நாளில் வாங்கினீர்கள்? சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா? வேறிடம் வேலைக்குப் போக விடுகிறார்களா? ஊருக்குப் போய்வர விடுகிறார்களா? கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 இந்த வினாக்களையே அடிப்படையாகக் கொண்டது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்றும் அச்சட்டம் கூறுகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. இவற்றைச் சேர்த்து எழுதிய மனு கருணை கேட்காது, கடமையைக் கேட்கும். அதன் பயன் வருவாய்க் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழ். அந்த ஒரு தாள் இருந்தால் மறுவாழ்வு உதவி வரும். இல்லையேல் அக்குடும்பம் அடுத்த ஆண்டு வேறொரு சூளையில் இருக்கும்.

காலக்கெடுவும் அறிந்திருக்க வேண்டியதே. மனித உரிமை ஆணையங்கள் நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குப் பின் வரும் புகாரை விசாரிக்க இயலாது. புகாருக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். 1997-இல் அமைந்த தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. இவற்றை அறியாமல் காலம் கடத்தி உரிமையை இழந்தோர் நம் ஊர்களில் பலர்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளும் கடமைகளும் பற்றிய சட்ட முதுகலைப் பிரிவு உண்டு. அதற்குச் சட்ட இளங்கலை வேண்டும். நம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகள் முதலில் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோர்க்குப் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியின் தொலைநிலை முதுகலைப் பட்டயமும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்பும் உள்ளன. தேசிய மனித உரிமை ஆணையம் மாணவர்களுக்கு உள்ளகப் பயிற்சி தருகிறது. சேருமுன் அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்வது நன்று. பாடப்பிரிவுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும்.

வேலை கிடைக்குமா?

இனி முதல் வினாவுக்கு வருவோம். மனித உரிமைப் பட்டம் ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவர்க்கு வாய்ப்புகள் குறைவு. இதை மறைப்பது நண்பர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

ஆணையங்களில் பணியிடங்கள் சிலவே; அவற்றிலும் பல, பிற துறைகளிலிருந்து வருவோரால் நிரப்பப்படுகின்றன. தொண்டு நிறுவனங்களில் வேலை உண்டு. 1995 முதல் மதுரையிலிருந்து இயங்கும் மக்கள் கண்காணிப்பகம் போன்றவை நாடறிந்தவை. ஆயினும் இத்தகைய வேலை பெரும்பாலும் திட்டக் காலத்திற்கு உட்பட்டது. அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் பெற்ற நிதியை மற்றொன்றுக்கு வழங்குவதும் தடைப்பட்டது. சிற்றூர்களில் இயங்கும் சிறு நிறுவனங்களையே இது மிகுதியாகத் தாக்கும் என்பதை எளிதில் உணரலாம்.

ஆனால் இந்தக் கல்வி மற்றொரு தொழிலோடு சேரும்போது அதன் மதிப்பு பன்மடங்காகிறது. வழக்கறிஞருக்கு இது கூரிய கருவி. 2004 ஜூலை 24 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதற்குமுன் தென்மாவட்டத்து ஏழை ஒருவர் ஆட்கொணர்வு மனுவுக்காக ஏறத்தாழ 450 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, தானாக முன்வந்து வழக்கை எடுத்ததும், நீதித்துறை நடுவரை நேரில் சென்று விசாரிக்கப் பணித்ததும் இந்த மதுரைக் கிளையே.

சமூகப்பணி படித்தவர்க்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் உள்ளன. ஆசிரியராக விரும்புவோர்க்குத் தேசியத் தகுதித் தேர்வில் "மனித உரிமைகளும் கடமைகளும்" தனிப்பாடமாகவே இருக்கிறது. இதழாளர், ஊராட்சிச் செயலர், காவல் உதவி ஆய்வாளர் என எவராயினும் இதனைக் கற்றவர் தம் தொழிலைச் செவ்வையாகச் செய்வார். கைதானவரின் உறவினர்க்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பது முதலான பதினொரு நெறிகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்தது. அவற்றை உளமாரக் கற்ற ஓர் உதவி ஆய்வாளர், ஆயிரம் கண்டனக் கூட்டங்கள் செய்யாததைச் செய்ய முடியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "மனித உரிமை" என்ற பெயரை வண்டியின் முன்னே ஒட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தோர் கைதான செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். பதவி தருகிறோம், கட்டணம் கட்டுக என்று எவர் வந்தாலும் மாணவர்கள் விலகி நிற்க வேண்டும். உரிமைப் பணிக்கு அட்டை வேண்டியதில்லை.

இன்றே செய்யத்தக்கவை

நான் எடுத்த முடிவைக் கூறுவேன். முதுகலை முடித்ததும் மூன்றாண்டுச் சட்டம். அதனுடன் தொலைநிலையில் மனித உரிமைப் பட்டயம். வீட்டு நிலை கருதி மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்தே இதைச் செய்ய வேண்டியிருக்கும். பாதை நீண்டது. ஆனால் அதன் முடிவில் பட்டத்தோடு ஒரு தொழிலும் கையில் இருக்கும்.

இளைய நண்பர்கள் கல்லூரியில் இருக்கும்போதே மூன்று செயல்களைத் தொடங்கலாம். தகவல் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் ஊர்ப் பள்ளியைப் பற்றியோ நியாயவிலைக் கடையைப் பற்றியோ ஒரு விண்ணப்பம் எழுதிப் பழகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர முயலலாம். மூன்றாவதாக, ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைப் படித்து, படிக்காத ஒருவர்க்கு விளங்கும்படி நல்ல தமிழில் ஒரு பக்கத்தில் எழுதலாம். சட்டம் ஒரு மொழியிலும் துன்பம் வேறொரு மொழியிலும் இருக்கும் நாட்டில், இரண்டையும் அறிந்தவர்க்கு என்றும் வேலை உண்டு. ஊதியம் முதலில் சிறிதாக இருக்கலாம். ஆனால் சூளையிலிருந்து வெளிவரும் ஒரு குடும்பத்தின் கையில் விடுதலைச் சான்றிதழ் இருக்குமானால், அதில் நாம் கற்ற கல்வியின் பயனும் எழுதப்பட்டிருக்கும்.