வட்டி இறங்கினால் ஏறும் அபராதம்

கனடாவின் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ வீடு வாங்கியவர்களிடம் மோர்ட்கேஜ் பற்றிக் கேட்டால், ‘ஐந்து வருஷம், ஃபிக்ஸ்ட்’ என்ற பதில் அடிக்கடி வரும். கனடாவில் வீட்டுக் கடனை அடைக்க 25 ஆண்டுகள் இருந்தாலும், வட்டி விகிதம் பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கே உறுதி. அந்த 5 ஆண்டுத் தவணை முடியும் நாளில் வேறு வங்கிக்கு மாறலாம், அபராதம் இல்லை. நடுவில் வீட்டை விற்றாலோ, மணமுறிவில் சொத்தைப் பிரித்தாலோ, குறைந்த வட்டிக்கு மாற நினைத்தாலோதான் ‘பெனால்ட்டி’ குறுக்கே வந்து நிற்கும்.

மிதக்கும் வட்டிக் கடனுக்கு அபராதம் பெரும்பாலும் மூன்று மாத வட்டியோடு முடிந்துவிடும். நிலையான வட்டிக்கு வங்கிகள் இரண்டு கணக்குப் போடும்: ஒன்று மூன்று மாத வட்டி, மற்றது வட்டி வித்தியாசம். எது பெரியதோ அதைக் கட்ட வேண்டும்.

பாக்கி 4,00,000 டாலர், வட்டி 5.5 சதவீதம், தவணையில் மீதி 3 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத வட்டி 5,500 டாலர். இன்று 3 ஆண்டுக் கடனுக்கு வட்டி 4 சதவீதம் என்றால், வித்தியாசம் 1.5 சதவீதம், மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 18,000 டாலர். வாடிக்கையாளர் விலகியதால் வங்கிக்குக் கைநழுவும் வட்டி அது. இதுவரை நியாயம்தான்.

பெரிய வங்கிகள் பல இத்தோடு விடுவதில்லை. பலகையில் அறிவிக்கும் வட்டி ஒன்று, பேரம் பேசிய பின் தரும் வட்டி வேறு. கடன் வாங்கிய அன்று 1.5 சதவீதம் தள்ளுபடி கிடைத்திருந்தால், அபராதம் போடும்போது இன்றைய அறிவிப்பு வட்டியிலிருந்தும் அதையே கழிப்பார்கள். அறிவிப்பு வட்டி 4.75 என்றால் ஒப்பீட்டு வட்டி 3.25 ஆகிவிடும். அந்த வட்டிக்கு இன்று யாரும் கடன் தரப்போவதில்லை. ஆனாலும் வித்தியாசம் 2.25 சதவீதம், அபராதம் 27,000 டாலர். அன்று மகிழ்ச்சியாக வாங்கிய தள்ளுபடியே இன்று எதிராக நிற்கிறது!

கனடா மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2022 மார்ச் வரை 0.25 சதவீதமாக இருந்து, 2023 ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. 2021-இல் மலிவு வட்டியைப் பிடித்தவர்கள் அந்த உச்சத்தில் வெளியேறியிருந்தால் மூன்று மாத வட்டியோடு தப்பியிருப்பார்கள். அவர்களுக்கு வெளியேற என்ன அவசரம்? உச்சத்தில் கையெழுத்திட்டவர்கள்தான் 2024 ஜூனிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியதும் கதவைத் தேடினார்கள். கதவின் விலை ஏறுவதும் அப்போதுதான்.

இந்தியாவில் தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் தடுத்துவிட்டது. கனடாவில் தனிநபருக்குச் சட்டம் தரும் வழி குறுகியது: தவணை 5 ஆண்டுகளைத் தாண்டியதாக இருந்தால், 5 ஆண்டுகள் கழிந்தபின் மூன்று மாத வட்டியோடு விலகலாம்.

ஒப்பந்தத்துக்குள்ளேயே சில சலுகைகள் உண்டு. ஆண்டுதோறும் அசலில் 10 முதல் 20 சதவீதம் வரை அபராதமின்றிக் கட்டப் பல வங்கிகள் விடுகின்றன; கடனை நடுவில் முடிப்பதற்கு முன் இதைக் கட்டினால் அபராதத்துக்கான தொகை குறையும், சில வங்கிகள் கடைசி நேரத்தில் கட்டுவதை ஏற்காவிட்டாலும். வீடு மாறுகிறவர்கள் பழைய கடனைப் புது வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் கேட்கலாம். சில மலிவு ஒப்பந்தங்களிலோ வீட்டை உண்மையாகவே விற்றாலன்றி நடுவில் விலகவே முடியாது.