உங்களுக்குத் தெரியுமா? துணியில் ஒட்டும் வண்ணம்

● தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம், 'குற்றாலக் குறவஞ்சி' தந்த திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பக்கத்திலேயே குற்றாலத்துச் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் அவர் ஓவியமாகவே காட்சி தருவது இங்கே மட்டும்தான்.

● சித்திர சபை ஓவியம்போலச் சுவரில் அல்ல, துணியில் கையால் தீட்டுவது கலம்காரி. கோயில் தொம்பை, விதானம், தேர்ச்சீலை எல்லாம் இந்தக் கைவண்ணம்தான். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

● கலம்காரிக் கறுப்புக்குக் கடைச் சாயம் வேண்டாம். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்கவைப்பார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அந்த நீர் பட்டதும் கறுத்துவிடும். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதும் இதே துவர்ப்பால்தான்.

● கடுக்காயோடு பாலும் சேர்த்துத் துணியை நனைப்பது எதற்கு? பாலிலுள்ள கொழுப்பு, வரைந்த கோடு பரவாமல் தடுக்கும்.

● துவைத்தாலும் வெளுக்காத சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி. உள்ளூர் நெசவாளர் பிழைப்பு கெடுகிறதென்று பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1721இலும் அவற்றுக்குத் தடைச் சட்டம் போட்டன.

● வீட்டில் நாம் வாங்கும் ஃபேப்ரிக் பெயின்ட் சாயமல்ல. சாயம் நூலுக்குள் இறங்கும். பெயின்ட்டோ அக்ரிலிக் பசையோடு நூலின் மேல் படலமாக உட்காரும். அப்பிப் பூசினால் துணி விறைக்கும், மடிப்பில் வெடிக்கும்.

● புதுத் துணியில் கஞ்சி இருந்தால் பெயின்ட் பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை அலசுங்கள். சட்டென்று உறிஞ்சினால் வரையலாம். அலசும்போது கம்ஃபர்ட் மாதிரித் துணியை மென்மையாக்கும் திரவங்கள் வேண்டாம்.

● டி-ஷர்ட்டுக்குள் அட்டை வைக்காமல் வரைந்தால் நெஞ்சில் போட்ட பூ முதுகிலும் பூக்கும்!

● கறுப்புத் துணியில் மஞ்சள் மங்கலாகத் தெரிகிறதா? முதலில் வெள்ளை பூசி, காய்ந்தபின் அதன்மேல் மஞ்சள் தீட்டுங்கள்.

● நன்றாகக் காய்ந்தபின் உட்புறமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் சூட்டில் படலம் இறுகும். துவைக்க மூன்று நாளாவது பொறுங்கள். ஆனி, ஆடிச் சாரலில் காற்றே ஈரமாக இருக்கும். மேலகரத்துக்காரர்கள் ஃபேன் காற்றில் இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காயப்போடலாம்.

● பாலியெஸ்டரில் எல்லா பெயின்ட்டும் நிற்காது. பாட்டிலில் எந்தத் துணிக்கு என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, சட்டையின் உள்மடிப்பில் சிறு புள்ளி வைத்துத் துவைத்துப் பார்த்தபிறகு பிரஷ்ஷை எடுங்கள்.