மிக்ஸி நின்றால் மகளையும் கூப்பிடுங்கள்!

போன வருஷம் மே மாதம் என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மார்க். வீடெல்லாம் இனிப்பு. அன்று சாயங்காலமே பேச்சு ஆரம்பமாகிவிட்டது, "எந்த குரூப்?" என்று.

"முதல் குரூப்" என்றாள் மகள். பெரிய நாத்தனார், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு கஷ்டமான படிப்பு? காமர்ஸ் எடுத்தா ஒரு டிகிரி, அப்புறம் நல்ல இடமா பாத்து முடிச்சிரலாம்" என்றார். நானும், "மதினி சொல்றதும் சரிதான், மூணாவது குரூப்பே எடு" என்று சொல்லிவிட்டேன். மகள், "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. ஃபாரத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து, அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி பட்டென்று நின்றது. "டேய், இங்க வந்து என்னன்னு பாரு" என்று ஏழாவது படிக்கும் மகனைக் கூப்பிட்டேன். அவன் டி.வி. முன்னாலிருந்து எழுந்து வருவதற்குள், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் பிளக்கைப் பிடுங்கினாள். மிக்ஸியைச் சாய்த்து, அடியில் இருந்த சின்ன சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். "மாவு ரொம்ப கெட்டிம்மா. மோட்டார் திணறினா கரண்ட் அதிகமா இழுக்கும். சுருள் கருகிப் போகாம இருக்க இந்த ஸ்விட்சே கரண்டைத் துண்டிச்சிரும். கொஞ்சம் ஆற விட்டு அமுக்கினா போதும்" என்றாள். அப்படியே செய்தாள். ஓடியது.

எனக்குச் சுருக்கென்றது. விஷயம் தெரிந்தவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நான் ஏன் பையனைக் கூப்பிட்டேன்?

சகோதரிகளே, 1995-ல் நானும் பத்தாவதில் அறிவியலில் 92 வாங்கினேன். மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். பஸ்ஸில் போக வேண்டும் என்று அப்பா வேண்டாமென்றார். அந்தக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அன்று என் அம்மா எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது அதே காரியத்தை நானே செய்துவிட்டேனே!

"பெண்ணுக்கு எதற்கு மெஷின் படிப்பு?" என்று கேட்பவர்களுக்கு லலிதாவின் கதையைச் சொல்லுங்கள். 1919-ல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு விதவை. மூலையில் உட்கார வைக்காமல், கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர் அப்பா அங்கேயே சேர்த்துவிட்டார். 1943-ல் மின் பொறியியல் முடித்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலாக அச்சடித்திருந்ததை அடித்துப் பெண்பாலாக எழுத வேண்டியிருந்ததாம்! பிறகு கல்கத்தாவில் வேலை பார்த்தபோது, பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பித் தடங்களின் வடிவமைப்பில் பங்கெடுத்தார். குழந்தையை உறவுகள் பார்த்துக்கொண்டன. வீடு தோள் கொடுத்தது, அவர் நிமிர்ந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில் விவசாயி வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்தவர் நிகர் ஷாஜி. திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ம் தேதி கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் அவர்தான். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது அந்த விண்கலம். செங்கோட்டைப் பெண்தானே அவரும்!

சரி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

அடுக்களையே ஆய்வுக்கூடம்தான். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் ஏன் சிவக்கிறது? சோப்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது? உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை சூடேறுகிறது. மகள் கேட்டால், "வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால், "நீயே படிச்சு எனக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள்.

"எனக்கே கணக்கு வராது, இவளுக்கு எங்கே வரப்போகுது" என்று பிள்ளை காதுபடப் பேசாதீர்கள். பரீட்சை நேரத்தில் பாத்திரம் கழுவும் முறையை மகனுக்கும் பங்கு போடுங்கள்.

பணம்தான் கவலை என்றால், வழிகள் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. பொறியியல், டிப்ளமோ சேரும் பெண்களுக்கென்றே 'பிரகதி' உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் வருஷத்துக்கு 50,000 ரூபாய். கல்லூரி அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ படித்து, பிறகு நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

எல்லாப் பெண்ணும் விஞ்ஞானியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகளுக்கே காமர்ஸ் பிடித்திருந்தால் சந்தோஷமாக அதில் சேருங்கள். ஆனால் குரூப்பைத் தேர்ந்தெடுப்பது அவள் விருப்பமாக இருக்கட்டும், நம் பயமாக இருக்க வேண்டாம்.

மறுநாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இடம் நிரம்பிவிடுமோ என்று வயிற்றில் புளியைக் கரைத்தது. நல்லவேளை, இடம் இருந்தது. ஃபாரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தோம். நாத்தனாரிடம், "மதினி, கோவிச்சுக்காதீங்க. அவ ஆசைப்பட்டதைப் படிக்கட்டும்" என்றேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன மாதம் அவர் வீட்டு மிக்ஸி நின்றுபோனபோது போன் வந்தது. "உன் மகளைக் கொஞ்சம் கூப்பிடு" என்றார்.