மலை ஏறப் போகிறீர்களா?
புறப்படுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள்

கோவையில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும் பெண்ணும் அதைப் பார்க்கிறாள். மில் வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும் பார்க்கிறார். "ஒரு நாள் ஏறிவிட வேண்டும்" என்ற ஆசை யாருக்குத்தான் வராது?

ஆசை நல்லதுதான். ஆனால் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். விதைப்புக்குப் பருவம் பார்க்கிறோம். மலைக்கு மட்டும் நினைத்த நேரத்தில் கிளம்பிவிடலாமா? கூடாது. அதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

குரங்கணி

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம். தேனி மாவட்டம் போடிக்கு அருகில் உள்ள குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. பெரும்பாலோர் இளம் வயதினர். சனிக்கிழமை கொழுக்குமலைக்கு ஏறினார்கள். மறுநாள், மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தபோது காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் விரைந்தன. ஆயினும் 23 பேர் மாண்டனர்.

அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி வாங்கப்படவில்லை என்று வனத்துறை கூறியது. மாதமோ மார்ச், புல்லெல்லாம் காய்ந்து கிடந்த நேரம்.

சமதரையில் மெதுவாக நகரும் தீ, சரிவில் ஓட்டமாக ஏறும். காரணம் எளிது. அடுப்பின் அனல் மேல்நோக்கித்தானே போகிறது? அதுபோல, கீழே எரியும் தீயின் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. தீ வந்து தொட்டதும் அது குபீரென்று பற்றிக்கொள்கிறது. மேட்டில் ஏறி ஓடும் மனிதன் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

எப்போது போகலாம்?

எனவே முதல் கேள்வி, எங்கே என்பதல்ல, எப்போது என்பதுதான்!

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத் தீக்குப் பயப்பட வேண்டிய காலம். 2025ஆம் ஆண்டிலும் இந்த இரண்டு மாதம் மலையேற்றப் பாதைகளை அரசு மூடிவைத்தது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். பாறை வழுக்கும், ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும், காலில் அட்டை ஏறும். மழையும் ஓய்ந்து, புல்லும் காயாமல் இருக்கும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் குடும்பத்தோடு நடக்க ஏற்ற காலம்.

யாரிடம் அனுமதி?

குரங்கணிக்குப் பிறகு அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இணையதளத்தில் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோருடன் எளிய பாதைகளில் மட்டுமே விடுவார்கள்.

கூடவே வழிகாட்டிகள் வருவார்கள். மலைவாழ் மக்களில் பலருக்கு இந்த வேலைக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. புத்தகத்தில் இல்லாத படிப்பு இவர்களுடையது. ஒடிந்து கிடக்கும் மூங்கிலைப் பார்த்து யானை எப்போது போனது என்று சொல்வார்கள். அவர்கள் "நில்லுங்க" என்றால் நிற்க வேண்டும். போட்டோ எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது!

டாப்சிலிப் போகலாமா?

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாகப் போனால் டாப்சிலிப். 1989ல் தேசியப் பூங்காவாகவும், 2007ல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காட்டின் வாசல் இது. இங்கிருந்து பண்டாரவரைக்கு நடைபாதை இருக்கிறது. கோழிகமுத்தியில் வளர்ப்பு யானை முகாம் உண்டு.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்டார்கள். அதனால் டாப்சிலிப்! கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் போய்ப் போய், காடு மொட்டையானது. பிறகு ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து, தேக்கைத் திரும்ப வளர்த்தார். 1933ல் இறந்த அவர், தாம் வளர்த்த மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம்.

வெள்ளியங்கிரி

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை தாண்டினால் சுயம்பு லிங்க தரிசனம். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறையின் கண்காணிப்பில் பக்தர்கள் ஏறுகிறார்கள். 10 வயதுக்கு மேல் 50 வயது வரையுள்ள பெண்கள் ஏறுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம்.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று மேலே போகிறவர் கேட்பார். "பக்கந்தானுங்க!" என்பார் இறங்கி வருகிறவர். அதை நம்பிவிடக் கூடாது. ஒரு மலை முடிந்தது என்று மூச்சு விட்டால் அடுத்த மலை எதிரே நிற்கும். 2024 யாத்திரைக் காலத்தில் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் சிலர் வழியிலேயே உயிரிழந்தார்கள். இருதய நோய், ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் கும்பிடுதான்.

மற்றவர்களும் ஒரு மாதம் முன்பே தினம் ஒரு மணி நேரம் நடந்து பழக வேண்டும். மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சுக்கு மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும்.

மூட்டையில் என்ன?

ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். புளிச்சோறு, வறுத்த கடலை, ஒரு துண்டு வெல்லம். பழகிய செருப்போ ஷூவோ. புதுசு கூடாது, காலைக் கடிக்கும். கைக்கு ஒரு மூங்கில் தடி. இறங்கும்போது முழங்காலைக் காப்பது அதுதான். மேலே குளிர்காற்று அடிக்கும், ஒரு கம்பளி. டார்ச் லைட். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. அடையாள அட்டை.

தீப்பெட்டி, பீடி, சிகரெட், மது வேண்டாம். மினுமினுக்கும் சட்டையும் சென்ட்டும் வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

திரும்பும் மணி

கடைசியாக ஒரு கணக்கு. இதை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். காலை 6 மணிக்கு ஏறத் தொடங்குகிறீர்கள். மாலை 4 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆக மொத்தம் 10 மணி நேரம். அதில் பாதி 5. அப்படியானால் 11 மணி அடித்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும்!

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். வரத் தாமதமானால் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

உச்சியைத் தொடாமல் திரும்பியவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். அதை ஏற அவரும் இருக்க வேண்டும் அல்லவா?