குறிச்சொல்லும் பதிவு தெரிதலும்

நூல் நிலையத்தில் ஒரு நூற்படி ஒரு தட்டிலேதான் இருத்தல் கூடும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையர் இயற்றிய உரையை இலக்கணத் தட்டில் வைப்பின், உரைகளை நாடுவார் கண்ணுக்கு அது தோன்றாது. உரைத் தட்டில் வைப்பின், இலக்கணம் நாடுவார்க்குத் தோன்றாது. இருக்கும் இடம் ஒன்றாதலும் பொருளின் இயல்பு பலவாதலுமே இவ்விடர்க்குக் காரணம். இக்காலத்து இணையச் செயலிகளிற் குறிச்சொற்களைச் சொடுக்கிப் பதிவுகளைத் தெரிந்தெடுக்கும் முறை இவ்விடரைக் களைவது. அம்முறையின் அமைப்பும், அதனால் துணியத்தக்கது இது, தகாதது இது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்விடரை முன்னரே கண்டு வழிகோலினவர் சீகாழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, 1924-இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த அரங்கநாதனார். அவர் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளை ஒரே பெயரில் அடக்காது பல கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளை முக்காற்புள்ளியால் இணைத்துக் காட்டுவது. ஆயினும், நூல் தட்டில் நிற்கவேண்டுதலின், அக்கூறுகட்கு முன்பின் என்னும் வரிசை வேண்டப்பட்டது. குறிச்சொற்கோ வரிசை வேண்டா. எதனை முதலிற் சொடுக்கினும் முடிபு ஒன்றே.

இனி, இது தரவுத்தளத்தில் அமையுமாறு கூறுவாம். தரவுத்தளமாவது பதிவுகளை ஒழுங்குபட வைத்துக் காக்குங் கணினிக் களஞ்சியம். பதிவுகளை அட்டவணைகளாக நிறுத்தித் தம்முள் தொடர்புறுத்தும் முறையை எட்கார் காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தார். அதன்படி இங்கு வேண்டப்படும் அட்டவணைகள் மூன்று. முதலாவது நூல்களுக்கு, இரண்டாவது குறிச்சொற்களுக்கு, இவற்றுள் ஒவ்வொன்றற்கும் தனியெண் உண்டு. மூன்றாவது இணைப்பு அட்டவணை. அதன் ஒவ்வொரு வரியும் ஒரு நூலெண்ணையும் ஒரு குறிச்சொல்லெண்ணையும் உடையது. ஒரு நூலுக்குப் பல குறிச்சொற்களும், ஒரு குறிச்சொல்லுக்குப் பல நூல்களும் உளவாதலின், அத்தொடர்பு தனியே நிற்றல் இன்றியமையாததாயிற்று.

எடுத்துக்காட்டாக நான்கு நூல்களைக் கொள்வோம். சேனாவரையத்திற்கு இலக்கணம், சொல், உரை என்பன குறிச்சொற்கள். நன்னூலின் சங்கர நமச்சிவாயர் உரைக்கு இலக்கணம், எழுத்து, சொல், உரை. யாப்பருங்கலக்காரிகையின் குணசாகரர் உரைக்கு இலக்கணம், யாப்பு, உரை. திருக்குறட் பரிமேலழகர் உரைக்கு அறம், உரை. ‘உரை’ என்பதைச் சொடுக்க நான்கும் வரும். அதனோடு ‘இலக்கணம்’ என்பதையும் சொடுக்கப் பரிமேலழகர் உரை நீங்கி மூன்று நிற்கும். ‘சொல்’ என்பதைச் சேர்க்க இரண்டே நிற்கும். இனி ‘யாப்பு’ என்பதையும் சேர்ப்பின் யாது நிகழும்? ‘சொல்லும் யாப்பும்’ என உம்மைப்படக் கொள்ளின் ஒன்றும் வாராது. ‘சொல்லேனும் யாப்பேனும்’ என விகற்பப்படக் கொள்ளின் மூன்றும் வரும். சொடுக்கு ஒன்றேயாயினும் பொருள் இரண்டாதலின், தான் கொண்டது எது என்பதைச் செயலி வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

உம்மைப்பொருளைக் கணினி காணும் வழிகளுள் ஒன்று எண்ணிப்பார்த்தல். சொடுக்கிய குறிச்சொற்கள் இரண்டாயின், இணைப்பு அட்டவணையில் அவ்விரண்டற்கும் உரிய வரிகளைத் திரட்டி, நூல்தோறும் பிரித்து எண்ணி, இரண்டு வரியுடைய நூலையே கொள்ளும். இங்கு ஒரு வழு நேர்தல் கூடும். ஒரே குறிச்சொல் ஒரு நூலுக்குத் தவறுதலாக இருமுறை பதியப்படின், மற்றைக் குறிச்சொல் இல்லாத அந்நூலும் இரண்டு வரியுடையதாகித் தகுதிபெற்றதுபோல் நுழையும். ஆதலின், ஒரு நூலெண்ணும் ஒரு குறிச்சொல்லெண்ணும் சேர்ந்த இணை ஒருமுறைக்கு மேல் வாராவண்ணம் தரவுத்தளத்திலேயே விதி செய்தல் முறையாம்.

அற்றேல், வழுவின்றி அமைந்த செயலி ‘ஒன்றும் இல்லை’ என்று விடையிறுப்பின், அப்பொருள் அங்கு இல்லையென்றே துணியலாமன்றோ எனின், ஆகாது. யான் கண்டதொன்றைக் கூறுவல். மாணவர் ஒருவர் ஒரு நூல் நிலையத்தின் இணையச் செயலியில் ‘யாப்பு’, ‘உரை’ என்னும் இரண்டனையும் சொடுக்கி, ஒன்றும் வாராமையாற் குணசாகரர் உரை அங்கில்லை எனத் தம் ஆராய்ச்சியுள் எழுதிவிட்டார். யான் நேரிற் சென்று வினவியபொழுது நூலகர் அதனை உள்ளிருந்து கொணர்ந்து தந்தார். அதன் பதிவில் ‘செய்யுளிலக்கணம்’ என்ற ஒரு குறிச்சொல்லே இடப்பட்டிருந்தது. நூல் இருந்தது; குறி இல்லை; குறியின் இன்மை நூலின் இன்மையாகக் கொள்ளப்பட்டது.

காணற்குரிய பொருள் காணப்படாதவிடத்தே அதன் இன்மை துணியப்படும் என்பது அளவை நூலார் கொள்கை. இருளறையிற் குடம் காணப்படாமையால் குடமில்லை எனல் பொருந்தாது. குறிச்சொல் இடப்படாத பதிவும் இருளறைக் குடத்தை ஒக்கும். செயலியின் விடை ‘இவ்வாறு குறிக்கப்பட்ட பதிவு இல்லை’ என்பதேயன்றி, ‘இத்தகைய நூல் இல்லை’ என்பதன்று.

இக்குறை நீங்குதற்கு வழிகள் உள. ‘யாப்பு’, ‘செய்யுளிலக்கணம்’ முதலாக ஒருபொருள் குறித்து வருவனவற்றுள் ஒன்றைத் தலைமைச் சொல்லாக நிறுவி, ஏனையவற்றை அதற்கு வழிப்படுத்துதல் ஒன்று. குறிச்சொல்தோறும் அதற்குரிய பதிவுகளின் தொகையை அருகே காட்டுதல் மற்றொன்று. குறிச்சொல்லே இடப்படாத பதிவுகளையும் தனித் தலைப்பின்கீழ்ச் சொடுக்கிக் காணவைத்தல் பிறிதொன்று. இம்மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பதிவு செய்வார் ஒரு சொல்லை இடாது விடுங்கால், பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு நூலை மறைத்தவராவர் என்பதை நினைவிற் கொள்க. தேடுவாரும், வெறும் விடை கண்டவிடத்து, ஒவ்வொரு குறிச்சொல்லாக நீக்கிப் பார்த்தும், வேறு பெயரால் தேடியும், நூலகரை வினவியும் அறிந்த பின்னரே ‘இல்லை’ என்று எழுதுக.