விழுப்புண்ணுக்குப் பின்

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாளன்று மாணவர்களாகிய உங்கள் சட்டையில் ஒரு சிறு காகிதக் கொடி குத்தப்படுகின்றது. சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய மூன்று நிறங்கள் கொண்ட அக்கொடி தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றையும் குறிப்பதாகும். 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் ஏற்படுத்திய குழுவொன்று இக்கொடிநாளை வகுத்தது. நீங்கள் உண்டியலில் இடும் நாணயத்துக்கு அடையாளமாகவே அக்கொடி தரப்படுகிறது.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இக்கொடிகளைக் கட்டுக்கட்டாக வாங்கி, வகுப்புதோறும் பகிர்ந்தளித்து, தொகையைத் திரட்டிக் கணக்கு முடித்தவன் நான். விற்காமல் எஞ்சிய கொடிகளுக்கு என் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை நேர்செய்ததும் உண்டு. ஆனால், “இந்தப் பணம் யாருக்குப் போகிறது, ஐயா?” என்று ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டபோது, “போர்வீரர்களுக்கு” என்பதற்குமேல் ஒரு சொல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆவடியில் வாழ்ந்துகொண்டு இதை அறியாதிருந்தது வெட்கப்பட வேண்டியதே. இரண்டாம் உலகப்போரின்போது படைத்தளமாக வளர்ந்த ஊர் இது. 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்தது. வீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இங்கேயே இருக்கிறது. டாங்கியையும் சீருடையையும் அறிந்த நாங்கள், அந்தச் சீருடைக்குள் இருந்த மனிதன் கால் இழந்து வீடு திரும்பினால் அவனுக்கு என்ன ஆகிறது என்பதை அறிந்தோமில்லை.

மார்பில் ஏற்ற காயத்தை விழுப்புண் என்று போற்றியவர்கள் நம் முன்னோர். அதை ஏற்றவனைப் பேணும் முறையும் அவர்களிடம் இருந்தது. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டைத் தமிழாசிரியரிடம் கேட்டுப் படியுங்கள். வீட்டில் வேம்பின் தழையைச் செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பி, யாழ் மீட்டி, மணி ஒலித்து, காஞ்சி பாடிக் காயமுற்ற தலைவனைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். பேய் தீண்டாதிருக்கச் செய்த சடங்கு இது என்பர். தொல்காப்பியம் இதற்குத் தொடாக்காஞ்சி என்று துறைப்பெயரே வைத்திருக்கிறது. பேயை விட்டுவிடுவோம். புண்பட்டவனை இரவில் தனியே விடலாகாது என்பதும், காப்பவளும் தனியே விடப்படலாகாது என்பதும் அப்பாட்டிலிருந்து எனக்குப் புலப்படுகின்றன. வீரன் இறந்துபட்டால் அவன் குடும்பத்துக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் அந்நிலத்துக்குப் பெயர். நெய்த்தோர் என்றாலும் குருதியே.

ஆங்கிலேயர் ஆட்சியில், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், நம் பூந்தமல்லிக் கோட்டை ஐரோப்பியச் சிப்பாய்கள் நோயும் காயமும் தேறுவதற்கான இடமாக இருந்தது. கடற்காற்றும் நகர நெரிசலும் இல்லாத ஊர் என்று தேர்ந்தார்கள் போலும். இன்றைய பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்ப்பவர்க்கு இதை நம்புவது சற்றுக் கடினம்.

இந்திய வீரர்களுக்கென முறையான ஏற்பாடு முதல் உலகப்போரின்போதுதான் உருவாயிற்று. 1917இல் வில்லிங்டன் சீமாட்டியின் முயற்சியால் பம்பாயில் குயின் மேரி தொழிற்பள்ளி தோன்றியது. கை கால் இழந்த வீரர்களுக்குக் கைத்தொழில் கற்பித்த அப்பள்ளி, பின்னர் புனேயை அடுத்த கிர்க்கிக்கு மாறி இன்றும் நடைபெறுகிறது. 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு நிலையம் திறக்கப்பட்டது.

செயற்கைக் கால் என்றதும் ஒருமுறை பொருத்திவிட்டால் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கால் அகற்றப்பட்டபின் எஞ்சும் பகுதி முதலில் வீங்கியிருக்கும். மாதங்கள் செல்லச்செல்லச் சுருங்கும். தசை மெலிந்து அதன் வடிவமே மாறும். செயற்கைக் காலின் மேற்புறத்தில் குழிந்த கிண்ணம் போன்ற ஓர் உறை உண்டு. உடலின் எடை முழுவதும் அவ்வுறையின் வழியாகவே கீழே இறங்குகிறது. உறை சிறிது தளர்ந்தால் தோல் உராய்ந்து புண்ணாகும். சிறிது இறுகினால் குருதியோட்டம் தடைப்படும். எனவே உறையை மீண்டும் மீண்டும் புதிதாக வார்க்க வேண்டும். நம் பகுதியின் வெயிலில் வியர்வை தேங்கிப் புண்ணாவதும் மிகுதி. முப்பது வயதில் கால் இழந்தவர் தம் வாழ்நாளில் எத்தனை கால்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் புனே செல்ல ஏறத்தாழ ஒரு நாள் இரயில் பயணம், அங்கே தங்கல், வேலைக்கு விடுப்பு.

முதுகுத்தண்டில் அடிபட்டவர் நிலை இதனினும் கடினம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இராது. உணர்ச்சி இல்லாமையால் ஒரே பக்கமாகப் படுத்திருப்பதன் வலியும் தெரியாது. வலிதானே நம்மைத் தூக்கத்திலும் புரண்டு படுக்கச் செய்கிறது! அது இல்லாதவருக்குப் படுக்கைப்புண் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் கை பெரும்பாலும் மனைவியின் கையே. இத்தகையோருக்கென 1974இல் கிர்க்கியில் ஒரு மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது.

கண்ணிழந்தோரின் வரலாறு நம் ஊருக்கு மிக அருகில் வந்து முடிகிறது. இலண்டனில் ஆர்தர் பியர்சன் என்ற பத்திரிகை முதலாளி, பார்வையை இழந்தபின், 1915இல் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். போரில் பார்வை இழந்தோர் இரங்கத்தக்க ஆதரவற்றோர் அல்லர், தொழில் கற்க வேண்டிய மாணவர் என்பது அவர் கொள்கை. அதே ஆண்டு கலிப்பொலிப் போரில் கண்ணிழந்த நியூசிலாந்து இளைஞர் கிளூதா மெக்கன்சி அவ்வில்லத்தில் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் இந்திய வீரர் பலர் பார்வை இழந்தபோது, 1943இல் தேராதூனில் அதே பெயரில் ஓர் இல்லம் அமைந்தது. அதை நடத்த வந்தவர் அந்த மெக்கன்சியே.

அங்கே வந்தவர்கள் வளர்ந்த ஆடவர்கள். ஏரும் துப்பாக்கியும் பிடித்துக் காய்த்த விரலினர். ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்தைக் குழந்தையின் மெல்விரல் எளிதில் உணரும். காய்த்த விரலுக்கு அது பெருமுயற்சி. எழுத்தோடு நெசவும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதலும் போன்ற தொழில்களும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. போர் முடிந்தபின் அவ்வில்லம் என்னவாயிற்று? 1950இல் அரசு அதனை ஏற்று, பார்வையற்ற பொதுமக்களுக்கான பயிற்சி நிலையமாக்கியது. 1951இல் அங்கு நாட்டின் மைய பிரெயில் அச்சகம் எழுந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறையும் அதே ஆண்டில் ஏற்கப்பட்டது. அந்நிலையம் வளர்ந்து தேசிய நிறுவனமாகி, 1988இல் தன் தென்மண்டலக் கிளையைத் தொடங்கிய ஊர் பூந்தமல்லி. இன்று அங்கே ஒரு கல்லூரி மாணவி தமிழ்ப் பாடநூலை விரலால் படிக்கிறாள் என்றால், அவள் கற்கும் நிறுவனத்தின் வேர் போரில் கண்ணிழந்த சிப்பாய்களின் விடுதியில் இருக்கிறது. காயமுற்ற வீரனுக்காகச் செய்யும் ஏற்பாடு அவனோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் அறியேன்.

இனி ஓய்வூதியம். இது சற்று வறண்ட பகுதிதான். ஆயினும் குடும்பத்தின் உலை கொதிப்பது இதில்தான். பணியால் ஊனமுற்ற வீரரின் ஓய்வூதியத்தில் இரண்டு கூறுகள் உண்டு. பணி செய்ததற்கு ஒரு கூறு; ஊனத்துக்கு ஒரு கூறு. ஊனம் எத்தனை விழுக்காடு என்று மருத்துவக் குழு முடிவு செய்யும். முழு ஊனமாகிய 100 விழுக்காட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்பது கணக்கு. ஒருவரின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 30 விழுக்காடு எனக் கொள்வோம். நேர்க்கணக்குப்படி 3,600 ரூபாய் வரும். ஆனால் 50க்குக் குறைந்ததை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் விதி ஒன்று உண்டு. அவ்விதிப்படி அவருக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். ஊனத்தால் இடையில் விடுவிக்கப்பட்டவருக்கே இருந்த இவ்வுரிமையை, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவருக்கும் உரியதென்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிரியோடு பொருத களத்தில் ஏற்பட்ட காயமாயின் விகிதம் இதனினும் மிக உயர்வு.

வழக்கு மூள்வது விழுக்காட்டில் மட்டுமன்று. இந்த ஊனம் பணியால் விளைந்ததா என்ற கேள்வியே பெரும்பாலோரை அலைக்கழிக்கிறது. குண்டுக் காயத்தை யாரும் மறுக்க இயலாது. பனிமலையில் ஆண்டுக்கணக்கில் நின்றவனுக்கு வந்த மனநோய்க்கும் வலிப்புக்கும் யார் சாட்சி? 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. படையில் சேரும்போது ஒருவனிடம் அந்நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னர் வந்தது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அன்று என்று காட்டும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. இவ்வழக்குகளைக் கேட்கவே 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். 1971 போரின்பின், இறந்துபட்ட, ஊனமுற்ற வீரர்களின் மக்களுக்குக் கல்விச் செலவை அரசே ஏற்கும் சலுகை 1972 முதல் வழங்கப்பட்டது. 2017இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தனர்; எதிர்ப்பு எழவே 2018இல் நீக்கினர். முன்னாள் வீரர்களின் மக்கள் தொழிற்கல்வி பயில, 2006ஆம் ஆண்டில் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2019 முதல் அதில் மாணவிக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவனுக்கு 2,500 ரூபாயும் தருகின்றனர். முதலாண்டில் விண்ணப்பிப்பவருக்கே அது கிட்டும். அவ்வாண்டைத் தவறவிட்டால் போயிற்று.

தவறவிட்ட ஒரு பெண்ணை நான் அறிவேன். அவள் தந்தை மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்து, கண்ணிவெடியில் இடது பாதத்தை இழந்தவர்; அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவலர். மகள் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். விண்ணப்பம் திரும்பி வந்தது. தந்தையின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மகளின் பிறந்தநாள் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. படைப்பதிவில் உள்ளதே உண்மையான நாள். பள்ளியில் இருந்ததோ ஜூன் மாதம் முதல் தேதி!

நம் பள்ளிகளில் இது நெடுநாள் வழக்கம். ஐந்து வயது நிரம்பினால்தான் முதல் வகுப்பில் சேர்க்கலாம் என்பதால், சேர்க்கும் ஆசிரியரே வசதியான ஒரு தேதியை எழுதிவிடுவார். பெற்றோரும் மகிழ்ந்து கையொப்பமிடுவர். அப்பெண்ணின் தேதியை எழுதியவன் நானல்லேன். ஆனால் வேறு எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி எழுதிய கை இது. பெயரிலும் இவ்வாறே இடர் விளையும். தந்தை பெயரின் முதலெழுத்தை நாம் முன்னே வைக்கிறோம். படைப்பதிவில் அது விரிந்து பின்னே நிற்கும். ‘முருகன்’ என்பது எழுத்தரின் கைக்கேற்ப மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

பள்ளிப் பதிவேட்டைத் திருத்த ஓர் அலுவலகம், பெங்களூரில் உள்ள படைப்பதிவு அலுவலகத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரம் என்று அவர் செயற்கைக் காலோடு அலைந்தார். எல்லாம் நேரானபோது அவ்வாண்டு கடந்துவிட்டது. வங்கிக் கடனில் அவள் படித்து முடித்தாள். “காலைப் பற்றி யாரிடமும் நான் கணக்குக் கேட்டதில்லை, ஐயா. அந்த ஒரு தேதிக்குத்தான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை” என்று அவர் என் மேசைக்கு எதிரே அமர்ந்து சொன்னார். கோபம் இல்லாத குரலில் சொன்னது எனக்கு மேலும் சுட்டது.

நாணயத்துக்கு வழி கேட்ட சிறுவனுக்கு இப்போது விடை சொல்ல முடியும். 1993இல் பல நிதிகளை ஒன்றாக்கி அமைத்த கொடிநாள் நிதியும் தமிழக அரசின் நிதியும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியே மருத்துவத்துக்கும் கல்விக்கும் திருமணத்துக்கும் உரியவரைச் சேருகின்றன. மாவட்ட வாரியத்துக்கு ஆட்சியரே தலைவர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் உரிய அலுவலகம் திருவள்ளூரில் உள்ளது. தமிழக அரசு 1986இல் நிறுவிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் வீரர்களுக்குக் காவல் பணி தேடித் தருகிறது.

விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் மாணவர் மன்னிக்க மாட்டீர்கள். 1965 போரில் காயமுற்று இடுப்புக்குக் கீழ் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். கும்பகோணத்துப் பிள்ளை ஆனந்தன் குணசேகரன் 2008இல் கண்ணிவெடியில் காலை இழந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர். 2019இல் சீனத்தின் ஊகான் நகரில் நடந்த உலக இராணுவ விளையாட்டில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் மூன்றிலும் தங்கம் பெற்றார். பதக்கம் பெறாத ஆயிரவரும் காலையில் எழுந்து அதே உறையைத்தான் மாட்டிக்கொள்கின்றனர்.

அந்தத் தந்தையை அடுத்த ஜூன் மாதச் சேர்க்கையின்போது பள்ளிக்கு வரச் சொன்னேன். படைவீரர் குடும்பத்துப் பிள்ளை யார் வந்தாலும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிறப்புச் சான்றையும் அவரிடம் காட்டிய பிறகே பதிவேட்டில் தேதி எழுதுவது என்று முடிவு செய்தோம். என் அறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தேன். செயற்கைக் காலைக் கழற்றி நாற்காலியோரம் சாய்த்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார். முதல் நாளிலேயே நான்கு தவறுகளைக் கண்டுபிடித்தார். அவற்றுள் ஒன்று என் கையெழுத்தில் இருந்தது.