ஆபரேஷனுக்கு முன் கேளுங்கள், பின் வாங்கி வையுங்கள்

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்ததும் நாம் ஓடுவது பணத்துக்கும் லீவுக்கும் துணைக்கு இருக்கும் ஆளுக்கும்தான். தவறு நடக்காமல் பார்ப்பது டாக்டர் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இடது காலுக்குப் பதில் வலது காலில் கத்தி வைப்பது, ஆள் மாறிப்போவது, வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைப்பது போன்றவை மருத்துவம் தெரியாததால் நடப்பவை அல்ல. சரிபார்க்காததால் நடப்பவை. அந்தச் சரிபார்ப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நோயாளி தேறாவிட்டாலே அது டாக்டரின் தவறா?

இல்லை. ரத்தப்போக்கு, கிருமித்தொற்று போன்றவை எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வரும். அதே துறையில் சராசரித் திறமையுள்ள டாக்டர் காட்டும் கவனத்தைக்கூடக் காட்டாமல், அதனால் நோயாளிக்குக் கேடு வந்தால்தான் சட்டம் அதை அலட்சியம் என்கிறது.

ஆஸ்பத்திரிகளில் சரிபார்க்க முறை ஏதும் இல்லையா?

இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுவரும் முன் என்று மூன்று முறை எல்லோரும் நின்று, வாய்விட்டுக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். யார் இவர்? என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? டெல்லி உட்பட எட்டு ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புதிய கருவி எதுவும் வாங்காமல் ஒரே ஒரு தாளால் கிடைத்த பலன் இது. "இங்கே இந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்களா?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

வயிற்றுக்குள் துணி எப்படித் தங்கிவிடும்?

ரத்தத்தில் ஊறிய துணி சுருண்டு குடலோடு ஒட்டிக் கிடந்தால் அனுபவசாலியின் கண்ணுக்கும் தப்பிவிடும். அதனால்தான் எண்ணுகிறார்கள். தொடங்கும் முன் நர்ஸ் ஒவ்வொரு துணியையும் பிரித்து, உரக்க எண்ணி, எழுதி வைப்பார். தையல் போடும் முன் மறுபடியும் எண்ணுவார். ஒன்று குறைந்தால் தையலை நிறுத்தித் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஒன்றை இதற்காகவே சேர்த்து நெய்திருப்பார்கள். அவசர கேஸ், நீண்ட நேரம், நடுவில் ஆள் மாற்றம் என்று வரும்போதுதான் எண்ணிக்கை தவறுகிறது.

சரி, நான் என்ன செய்வது?

பெயரையும் என்ன ஆபரேஷன் என்பதையும் கேட்கும்போதெல்லாம் முழுதாகச் சொல்லுங்கள். "எத்தனை தடவை கேட்பீர்கள்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் வெறுமனே தலையாட்ட வேண்டாம், பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். கால், கண், சிறுநீரகம் போல இரண்டாக இருக்கும் உறுப்பு என்றால், தியேட்டருக்குள் போகும் முன் நீங்கள் விழித்திருக்கும்போதே டாக்டர் மார்க்கர் பேனாவால் குறியிட வேண்டும். குறி இல்லையா? கேளுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம்.

பட்டினி விஷயத்தில் வீட்டுப் பாசம் ஆபத்தாகலாம். "ஒரு வாய் காப்பிதானே" என்று கொடுத்துவிடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் குடித்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டதாகுமா?

ஆகாது. டெல்லியில் ஒரு பெண், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அவருடைய தாயிடம் கேட்டுக்கொண்டு கருப்பையை அகற்றிவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டும் விலக்கு. படிவத்தில் நிரப்பாத இடம் இருந்தால் கையெழுத்து வேண்டாம். நிரப்பச் சொல்லி, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கக் கேளுங்கள்.

தவறு நடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால்?

நாளாக ஆக வலி கூடுகிறது, காய்ச்சல் விடவில்லை, வயிறு உப்புகிறது என்றால் "ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று காத்திருக்க வேண்டாம். திரும்பப் போய்க் காட்டுங்கள். அங்கே தட்டிக்கழித்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு எல்லாவற்றின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. பில் கட்டிய ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே போவது?

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தந்த வழி இது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். டாக்டர் மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் மாநில மருத்துவக் கவுன்சிலிடம் புகார் தரலாம். போலீஸ் கேஸ் எளிதல்ல. கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தால் கேட்க முடியாதா?

எல்லோருக்கும் முழு இலவசமாகத் தரும் இடம் என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. ஆனால் சிவில் கோர்ட் இருக்கிறது. 1963இல் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பின் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் துண்டுத் துணி தங்கிவிட்டது. அவர் இறந்துபோனார். எந்த டாக்டர் விட்டார் என்று நிரூபிக்காவிட்டாலும் அரசு பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 33 ஆண்டுகள்! அந்தக் குடும்பத்தின் காத்திருப்பை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இன்று உங்களுக்கு உதவும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.